மூன்றாம் எண் கூடாரத்தின் சொந்தக்காரர்

எங்கள் விடுதியில் விருந்தாளிகள் எழுதிவிட்டுப் போக ஒரு தடித்த நோட்டு உண்டு. நட்சத்திரத்தைப் பற்றி எழுதுவார்கள், ஒட்டகத்தைப் பற்றி எழுதுவார்கள், மனம் குளிர்ந்தால் என் ஆட்டிறைச்சி சூப்பைப் பற்றிக்கூட நாலு வார்த்தை எழுதுவார்கள். பால்ஜிர் அண்ணனைப் பற்றி ஒருத்தரும் எழுதியதில்லை. பதினோரு வருஷம் அவர்கள் படுத்து எழுந்த கூடாரங்களை நட்டதும் பிரித்ததும் அவர்தான். சரி, நானாவது எழுதுகிறேன். சமையல்காரி எழுதினால் உப்பு கூடக்குறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இப்போது அறுபத்திமூன்று வயது. குட்டை ஆள், வளைந்த கால், முன்பல் இரண்டு கிடையாது. கையை மட்டும் பார்த்தால் இளவட்டம் என்று நினைப்பீர்கள். ஒரு கூடாரத்தின் மடக்குத் தட்டிகளை வட்டமாக விரித்து, கதவைத் தெற்குப் பார்த்து நிறுத்தி, புகை போக, வெளிச்சம் வர விடுகிற உச்சி வளையத்தைத் தூக்கிப் பிடித்து, அதைச் சுற்றிக் கைமரங்களைச் செருகி, மேலே தடித்த கம்பளி போர்த்தி, மயிர்க்கயிற்றால் வரிந்து கட்டி முடிக்க மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அவருக்கு ஒன்றேகால் மணி. இடையில் அடுப்பங்கரைக்கு வந்து உப்புத் தேநீர் குடித்து என்னோடு வம்பளந்துவிட்டுப் போவதும் அதில் சேர்த்தி.

விடுதி இருப்பது கோபிப் பாலையில், ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்துப் பொட்டலில். பதினெட்டுக் கூடாரம். மண்ணுக்குக் கேடு செய்யாத விடுதி என்று வாசல் பலகையில் போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் புட்டி கூடாது, விளக்குக்கு வெயிலிலிருந்து மின்சாரம், அடுப்புக்கு ஒட்டகச் சாணி, குளிக்க ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர். எங்களுக்கு இதெல்லாம் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். அதைக் காசு கொடுத்து அனுபவிக்க விமானம் ஏறி வருகிறார்கள் என்றால் நான் என்ன சொல்ல. மேலாளர் சாருல் தலைநகரில் படித்தவள், நாற்பது வயது, கெட்டவள் இல்லை. "இங்க எதுவும் வீணாப் போகாது அக்கா" என்பாள் மூச்சுக்கு முந்நூறு தரம். உருளைக்கிழங்குத் தோலை நான் எங்கே போடுகிறேன் என்றுகூடப் பார்ப்பாள்.

அண்ணன் பிறந்தது விடுதிக்கு மூன்று கிலோமீட்டரில், மலைக்குப் பின்பக்கம், அவர் அப்பாவின் பனிக்காலத் தங்கலில். கடைசிப் பிள்ளை என்பதால் அப்பாவின் கூடாரம் அவருக்கு வந்தது. தட்டி பழசானால் மாற்றுவோம், கம்பளி நைந்தால் புதுசு அடிப்போம். உச்சி வளையத்தை மட்டும் மாற்றமாட்டோம். அது அவருடைய பாட்டனார் காலத்து வளையம், மூன்று தலைமுறைப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கும். வளையம் யாருடையதோ அவர்களுடையதுதான் வீடு. எங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த வளையத்துக்குக் கீழேதான் டோல்கோர் அண்ணி மருமகளாக வந்து முதல் அடுப்பு மூட்டினாள். மூன்று பெண்கள் பெற்றாள், ஒன்றைப் பறிகொடுத்தாள். மிஞ்சிய இரண்டில் ஒருத்தி தலைநகரில் கடையில் நிற்கிறாள், ஒருத்தி கொரியாவில் மீன் தொழிற்சாலையில். அண்ணிக்கு நாக்கு கூர்மை. என் கல்யாணத்தில் என் மாமியார் முகத்துக்கு நேரே, "சமைக்கத் தெரிஞ்ச பொண்ண எடுத்துட்ட, இனிமே உன் பேச்ச எவன் கேப்பான்" என்று சொன்னவள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பனிக்காலம் அவர்களை முடித்துவிட்டது. கோடையில் மழை இல்லை. பனிக்காலத்தில் பனி விழுந்து, இளகி, மறுபடி உறைந்து, பொட்டலெல்லாம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. ஆடுகள் புல்லுக்காகக் குளம்பால் தோண்டித் தோண்டி, குளம்பில் ரத்தம் வந்து, நின்ற இடத்திலேயே செத்தன. முந்நூற்று நாற்பதில் மிஞ்சியது பதினொன்று. ஒட்டகம் இருபத்தாறில் நாலு. தரை இறுகிக் கிடந்ததால் புதைக்க முடியவில்லை. செத்ததையெல்லாம் கூடாரத்துக்கு வடக்கே விறகுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணி பால் இல்லாத மடியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஒட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில்தான் விடுதி தொடங்கினார்கள். சாருல் பழைய கூடாரங்களைத் தேடி அலைந்தாள். ஆள் வாழ்ந்த கூடாரமாக இருக்கவேண்டும், புகை மணம் அடிக்கவேண்டும், வருகிறவர்களுக்குப் புதுசு பிடிக்காது என்றாள். அண்ணன் தன்னுடையதைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கட்டில், பெட்டி, அடுப்பு எல்லாம் சேர்த்து.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எல்லாத்தையும் குடு. வளையத்த மட்டும் வெச்சுக்கோ."

"வளையம் இல்லாத கூடாரத்த எவன் வாங்குவான்? தலையில்லாத ஆட்ட விக்கிற மாதிரி."

"அப்ப விக்காத."

"விக்காதன்னு சொல்ற நீ, விக்காம என்ன திங்கிறதுன்னும் சொல்லு."

ஊரில் ஒரு செங்கல் அறையை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார்கள். அண்ணன் விடுதியிலேயே கூடாரம் நடுகிற வேலைக்குச் சேர்ந்து, வாரம் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார். அண்ணி மட்டும் விடுதிப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய கூடாரத்துக்கு மூன்றாம் எண் கொடுத்தார்கள். முதல் விருந்தாளிகள் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஏதோ குளிர் தேசத்துக்காரர்கள். விடிந்ததும் அடுப்பு மூட்ட அண்ணன் போனார். எங்களில் யார் கதவைத் தட்டுவார்கள்? வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்போம், உள்ளே நுழைவோம். நுழைந்தார், மூட்டினார், அத்தோடு வந்திருக்கலாம். வரவில்லை. காலம்பூராவும் செய்ததுபோல வடக்குப் பக்கம் போய், தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்குப்பொடிப் புட்டியை எடுத்துக்கொண்டு, தேநீருக்குக் கையை நீட்டினார். போர்வைக்குள்ளிருந்த அந்தப் பெண் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த பால் சட்டி கீழே விழுந்தது.

சாருலுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "அண்ணே, இனிமே தட்டிட்டுப் போகணும். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் வெளிய நிக்கணும்."

"மறந்துட்டேன்மா. கை பழக்கத்துல நீட்டிருச்சு" என்றார். நாங்களெல்லாம் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து தன் கதவைத் தட்டிவிட்டு, வெளியே குளிரில் நின்று, உள்ளிருந்து குரல் வந்தபிறகு போனார்.

வளையம் போனது ஐந்து வருஷத்துக்கு முன்னால், மே மாதம். நடும்போது புழுதிப்புயல் வந்து தூக்கி அடித்ததில் பிளந்துவிட்டது. இனி அது கைமரத்தின் கனத்தைத் தாங்காது. சாருல் புது வளையம் வரவழைத்தாள், ஆரஞ்சு வண்ணம் அடித்து, பூ வரைந்தது. பழசை வீணாக்குவாளா? பாதியாக அறுத்து, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அரைவட்டமாக அடித்து, சுற்றிலும் குட்டி விளக்கு போட்டாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று விருந்தாளிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது அவருடைய பாட்டனார் வளையம் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அறுத்து மாட்டுவது மரியாதை செய்வது என்றே நினைத்தாள். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கூடத்துக்குள் வந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அடுப்பங்கரையில் என் மூட்டை முடிச்சுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணி கேட்கும் முதல் கேள்வி, "வளையம் நல்லாருக்கா?"

"இருக்கு" என்பார். நாலு வருஷம் இருக்கு, இருக்கு என்றே சொல்லிவந்தார்.

போன வருஷம் ஜூன் கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஈரலில் கட்டி என்றார்கள். எங்கள் பக்கம் பாதிப்பேர் அதில்தான் போகிறார்கள், ஸ்கேன் படத்தைப் பார்த்தவுடனே வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரெண்டு மாசம் என்றாராம். அண்ணி அழவில்லை. செங்கல் அறையில் படுத்துக்கொண்டு புருஷனிடம் ஒன்று கேட்டாள். தன் பிள்ளைகளைப் பெற்ற இடத்தில், அந்த வளையத்துக்குக் கீழே சாகவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜூலை முதல் வாரம். நான் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கூடாரம் சுத்தம் செய்கிற பெண்கள் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். சாருல் சாமான் பட்டியல் எழுத வந்திருந்தாள். அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சாருல்மா, டோல்கோர் மூணாம் நம்பர்ல கெடந்து சாகணும்னு ஆசப்படறா."

சாருல் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, ஆள் இருந்தா வேற கூடாரத்துக்கு மாத்திருவேன். அது பெரிசில்ல. அப்புறம் என்ன பண்றது சொல்லுங்க. மத்தவங்கன்னா சாவு விழுந்த கூடாரத்தப் பிரிச்சு வேற எடத்துல நட்டுக்குவாங்க. இங்க கீழ பலகைத் தளம் ஆணி அடிச்சுக் கெடக்கு, எங்க நகத்துவேன்?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க ஹந்தா அக்கா. அண்ணி அதுக்குள்ள போயிட்டா, மறுநாள் காலைல நீங்க போய் அடுப்பு மூட்டுவீங்களா? இவளுங்க படுக்கை விரிப்பாளுங்களா?"

உண்மையாகவே கேட்டாள். மூட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள், அது எனக்கு இன்றைக்கும் தெரியும். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொல்வதைத்தான் அவர்களும் சொல்வார்கள். அண்ணனும் என்னைப் பார்த்தார்.

செத்த வீட்டுத் தீட்டு என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்து பயம். அதிலும் நகர்த்தாத கூடாரம். நான் மாவைப் பார்த்தேன்.

"சரி, புரியுது" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாணிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு மத்தியானமும் என் அடுப்புக்கு நல்ல காய்ந்த சாணியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் சாருலே அவரைத் தேடிப்போய்ச் சொன்னாள். "செப்டம்பர் முப்பதோட விருந்தாளிங்க வரத்து முடியுது அண்ணே. அன்னிக்கு மூணாம் நம்பர நீங்களே பிரிச்சு எடுத்துக்கோங்க. திருப்பித் தரவேண்டாம். உங்கப்பா எடத்துல நட்டு அண்ணிய வெச்சுக்கோங்க."

நல்ல மனசோடுதான் கொடுத்தாள். ஆனால் டாக்டர் சொன்ன கணக்கு ஆகஸ்டோடு முடிகிறது.

நான் தனியாக அண்ணனைப் பிடித்தேன். "வளையத்துக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"கண்ணு மங்கிப்போச்சு அவளுக்கு. தெரியாது."

"இப்பவே சொல்லிருங்க அண்ணே. காத்துக் கெடந்துட்டு அங்க வந்து பாத்தா என்ன ஆவாங்க?"

"சொன்னா எதுக்காகக் காத்துக் கெடப்பா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகும் ஜீப்பில் அண்ணிக்கு இறைச்சிச் சாறு கொண்டுபோவேன். ஆகஸ்டில் மூத்த மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, கடையில் லீவு இல்லை என்று போனாள். அண்ணியின் முகம் மஞ்சளாகி, கை குச்சியாகி, வயிறு மட்டும் வீங்கிக் கிடந்தது. மூன்று வாய் சாறுதான் இறங்கும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவாள்.

"என்னடி, உங்க விருந்தாளிங்க எப்ப போறாங்களாம்?"

"இன்னும் மூணு வாரம் அண்ணி."

"சீக்கிரம் போகச் சொல்லு. எமன வாசல்ல உக்கார வெச்சு டீ குடுத்துக்கிட்டிருக்கேன். அவனுக்கும் நாலு எடம் போகணும்ல."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள், சிரித்தால் வலிக்கும், வலித்ததற்குத் திட்டுவாள். ஆகஸ்ட் போனது. செப்டம்பரும் முடியப்போனது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது என்று சும்மா சொல்கிறோம், அவள் நிஜமாகவே அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி சாருல் அழுத கண்ணோடு அடுப்பங்கரைக்கு வந்தாள். முப்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று, முன்பின் சொல்லாமல், தலைமை ஆபீஸ் அனுப்பிவிட்டது. அக்டோபர் ஏழு வரை பதினெட்டுக் கூடாரமும் வேண்டும்.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "ஏழா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாரமும் விடியற்காலை மூன்றாம் எண் கதவைத் தட்டி, நின்று, உள்ளே போய் அடுப்பு மூட்டினார். அந்தக் கூடாரத்தில் இருந்தவர்கள் கலகலப்பானவர்கள், அவரோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

எட்டாம் தேதி பிரித்தார். நாங்கள் கூட நின்றோம். கம்பளியையும் தட்டியையும் சாமான் வண்டியில் ஏற்றிவிட்டு, உச்சி வளையத்தை மட்டும் அடுப்பங்கரைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். அடுப்புக் கரியை ஆட்டுக்கொழுப்பில் குழைத்து, அந்த ஆரஞ்சு வண்ணம் மறையும்வரை துணியால் தேய்த்தார். கொழுப்பு உருக்கிக் கொடுத்தது நான்தான். முழங்கை வரைக்கும் கறுப்பாகி, குனிந்து தேய்த்துக்கொண்டேயிருந்தார்.

மத்தியானத்துக்குள் மலைக்குப் பின்னால் கூடாரம் நின்றுவிட்டது. காற்று அடித்தது, பொடிப்பனி விழ ஆரம்பித்திருந்தது. சாருலே ஜீப் ஓட்டிக்கொண்டு போய் அண்ணியைக் கொண்டுவந்தாள், நான் பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொண்டு வந்தேன். மலையைச் சுற்றித் திரும்பியதும் அண்ணி தலையைத் தூக்கிக் கூடாரத்தைப் பார்த்தாள். "நெட்டுக்குத்தாதான் நிக்குது. கெழவனுக்கு இன்னும் கை விட்டுப் போகல" என்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வேன்.

அண்ணன் அவளைக் கையில் ஏந்தி, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, வடக்குப் பக்கக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். நானும் உள்ளே போனேன். சாருல் வெளியே நின்றுவிட்டாள்.

உள்ளே இருட்டு. வளையம் தெரியக்கூடாது என்று அண்ணன் அதன் மேல் போடுகிற கம்பளி மேல்மூடியை இழுத்துப் போட்டிருந்தார். நட்டநடுப் பகலில் மேல்மூடி போட்டிருந்தால் எங்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த வீட்டில் சாவு. வாழ்நாளெல்லாம் கூடாரம் நட்ட மனுஷன், பொய்யை மறைக்கிற பதற்றத்தில் அதை மறந்துவிட்டார்.

"எனக்கு முன்னாடி இங்க யாரு செத்தது?" என்றாள் அண்ணி. "பகல்ல மூடிபோட்டிருக்க. வந்து படுக்கறதுக்குள்ள துக்கம் கொண்டாட ஆரம்பிச்சிட்டியா?"

"காத்து அடிக்குது புள்ள. பனி உள்ள விழும்."

"விழட்டும். தொற."

வேறு வழியில்லை. வெளியே போய்க் கயிற்றை இழுத்தார். வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அண்ணி மேலே பார்த்தபடி கிடந்தாள். அவர் உள்ளே வந்து காலடியில் உட்கார்ந்தபோதும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் தண்ணீர் கொதித்து, நான் பால் ஊற்றி, உப்புப் போட்டு இறக்கிவிட்டேன்.

"இது என்ன, ஆட்டுக்கொழுப்பு நாத்தம்?" என்றாள். பிறகு, "கரி அடியில மட்டும்தான் இருக்கு. புகை ஏறினா எல்லாப் பக்கமும் ஏறும்யா."

"கண்ணு மங்கிருச்சு உனக்கு. அது நம்மளுதுதான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "ஹந்தா, நீ சொல்லு. இந்தாளு பொய் சொல்ற சத்தம் எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். நீ சொல்லு, இது யாரு வளையம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அடுப்பங்கரையில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. சாகக் கிடக்கிறவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை வாயை மூடி அந்த மனுஷிக்குக் கெடுதல் செய்தது போதும் என்றும் நினைத்தேன். புது வளையம், விடுதிக்காரர்கள் வாங்கிப் போட்டது, உங்களுடையது நாலு வருஷத்துக்கு முன்னால் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அறுத்ததையும் சுவரில் மாட்டியதையும் மட்டும் சொல்லவில்லை.

"ம்" என்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. "அப்ப இது அவங்க வீடு."

"சாருல் நமக்கே குடுத்திருச்சு புள்ள. நம்மளுதுதான் இப்ப."

"வளையத்தக் குடுக்கறதுக்கு அவ என்ன உங்கப்பனா? தூக்கு என்ன. அடுத்தவங்க வீட்டுல வந்து செத்து வைக்கச் சொல்றியா? என்ன வளப்பு இது?"

அண்ணன் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, வெளியே பனி, ஊர் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், உடம்பு தாங்காது என்றார். அவள் கட்டிலைவிட்டு இறங்கக் காலைக் கீழே வைத்துவிட்டாள். விழுந்துவிடுவாள் என்று அவரே தூக்கினார்.

வெளியே வந்ததும் சாருல் ஓடிவந்தாள். அண்ணி அவளிடம், "உன் வீடு சுத்தமா இருக்கும்மா. நான் ஒண்ணும் விட்டுட்டு வரல" என்றாள். சாருல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜீப்புக்கு இருபது அடிகூட இருக்காது. பாதியில் அண்ணி, "எறக்கு" என்றாள். வலி தாங்கவில்லையோ, தனக்கே தெரிந்துவிட்டதோ. "இங்க எறக்கு. மண்ணுல கெடக்கறேன், மண்ணு எவன் வீடும் இல்ல." அண்ணன் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார். சாருல் கூடாரத்துக்குள் ஓடி ஒரு கம்பளியை எடுத்துவந்து போர்த்தினாள். அண்ணி கையால் அதைத் தள்ளிவிட்டாள். அதுவும் விடுதிக் கம்பளி. அண்ணன் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினார். அதை வைத்துக்கொண்டாள்.

அப்படியே முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடியில் பனி விழுந்து கரையாமல் நிற்க ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பத்தடி தள்ளிக் கூடாரத்துக்குள் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது, நான் போட்ட தேநீர் அதன் மேல் இருந்தது.

அண்ணன் சட்டையோடு அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் மண்டிபோட்டேன்.

"நீ ஏன் சொன்ன?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"கேட்டாங்க அண்ணே. கேட்டா எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"ஜூலைல சாருலும் ஒண்ணு கேட்டாளே" என்றார்.